இதெல்லாம் ஒரு வெயிலா?

"முப்பது டிகிரிக்கே புலம்புறியா?" என்று ஊரிலிருந்து நக்கலடிக்கும் மக்களே, ஒரு நிமிஷம்.

நான் குப்பை கொட்டும் இங்கிலாந்தில் கோடை சொல்லிக்கொண்டு வராது. 2012 கோடையில் நூறு வருஷமாய்க் காணாத மழை. 2022 ஜூலை 19 அன்று கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி! வாரக்கடைசி பார்பெக்யூவை நனைத்து மானத்தை வாங்குவதும், ஆளைக் கொல்வதும் இதே கோடைதான்.

இங்கே வீடுகள் குளிருக்குக் கட்டினவை. சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். சீலிங் ஃபேன் அபூர்வம். 2022 வெயிலுக்கு இங்கிலாந்தில் மட்டும் கிட்டத்தட்ட 3000 பேர் கூடுதலாய்ச் செத்ததாய் அரசுக் கணக்கு, பெரும்பாலும் வயசானவங்க.

குடையும் கூலிங் கிளாசுமாய் அலையுற என்னைக் கிண்டல் பண்ணுங்க, தாங்கிக்கறேன். ஆனா டிகிரியை மட்டும் வெச்சு வெயிலை அளக்காதீங்க. எந்தக் கூரைக்குக் கீழே அந்த டிகிரின்னும் கேளுங்க சாமி!