அப்பா சோம்பேறி இல்லை, அவருக்குத் தைராய்டு

“கேன்சரே சரியாயிடுச்சு. இன்னும் என்ன படுத்தே கெடக்குற? வேலைக்கு வர மனசில்லன்னா சொல்லிடு, வேற ஆளப் போட்டுக்குறேன்.”

மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னபோது அப்பா பதில் பேசவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அது மே மாதம். அவர் போர்வை போர்த்தியிருந்தார். அந்தப் போர்வையைப் பார்த்தாவது எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அப்பா 22 ஆண்டுகள் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். தொண்டையில் புற்றுநோய் வந்தது. அரசு மருத்துவமனையில், காப்பீட்டுத் திட்டத்தில், 35 முறை கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் காலனியில் அதைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம். தலையும் கழுத்தும் அசையாமலிருக்க வலை போன்ற முகமூடியை மாட்டிப் படுக்க வைப்பார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது, எச்சில் வற்றியது, சோற்றுக்கு ருசி போனது. ஆனால் கட்டி கரைந்தது. தனியாரிடம் போயிருந்தால் வீட்டை விற்றாலும் முடியாத சிகிச்சை அது. நமக்கு வீடும் இல்லை. அந்த அரசு மருத்துவமனைதான் அப்பாவை உயிரோடு திருப்பித் தந்தது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

ஒரு வருடம் கழித்து அப்பா மெல்ல மாறினார். நாளெல்லாம் தூங்கினார். முகம் உப்பியது, எடை கூடியது. ‘உடம்பு தேறிடுச்சே’ என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். மலச்சிக்கல், குளிர், எதைக் கேட்டாலும் தாமதமாக வரும் பதில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போவோம். தொண்டைக்குள் பார்ப்பார்கள், கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். “கட்டி இல்ல, போ” என்பார்கள். 54 வயது ஆளுக்கு அந்த ‘போ’தான் மரியாதை. “அசதியா இருக்குங்க” என்று அப்பா சொன்னால், “அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வரும்.

நான் என்ன செய்தேன்? வாசிப்பு வட்டத்தில் அம்பேத்கரைப் பேசிவிட்டு வந்து, “எழுந்து நாலு எட்டு நடங்கப்பா, படுத்தே இருந்தா அப்படித்தான்” என்றேன். மேஸ்திரி சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

கண்டுபிடித்தது எதிர்வீட்டு அக்கா. பல வருடங்களாகத் தைராய்டு மாத்திரை போடுகிறவர். “தம்பி, அப்பா மூஞ்சி என் மூஞ்சி முன்ன இருந்த மாதிரியே இருக்கு. டெஸ்ட் எடுத்துப் பாரு” என்றார். சில நூறு ரூபாய் கொடுத்துத் தனியார் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்தோம். டி.எஸ்.எச். அளவு ஏறக்குறைய 4, 5-க்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு 68.

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவில் ஒட்டியிருக்கிறது. தொண்டைக்கோ கழுத்து நெறிகட்டிகளுக்கோ கதிர்வீச்சு கொடுக்கும்போது இதன் மேலும் படுகிறது. சுரப்பியின் செல்களும் அதற்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் மெதுவாகச் சேதமாகின்றன. மாதங்கள், சில வருடங்கள் கழித்துச் சுரப்பு குறைகிறது. உடனே மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘இன்னும் சுர’ என்று விரட்ட டி.எஸ்.எச்.ஐ அதிகமாக அனுப்புகிறது. அதனால்தான் அந்த எண் ஏறுகிறது. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை இப்படி ஆகிறது. இது அபூர்வமான பக்கவிளைவு இல்லை. அதனால்தான் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கச் சொல்கின்றன புற்றுநோய் சிகிச்சை வழிகாட்டுதல்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், அந்த வரி இருந்தது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். யாரோ ஒரு மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். யாரும் அதை எங்களுக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்தடுத்து பார்த்த மருத்துவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. பட்டம் வாங்கிய நானும் திருப்பவில்லை.

லெவோதைராக்சின் மாத்திரை. விலை குறைவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரைமணி நேரமாவது டீ குடிக்கக் கூடாது. இரண்டு மாதத்தில் அப்பா போர்வையை மடித்து வைத்தார். மூன்றாவது மாதம் அம்மாவோடு சண்டை போட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குள் அவர் இடத்தில் வேறு ஆள் சேர்ந்திருந்தார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏது மருத்துவ விடுப்பு?

தோழர்களே, ‘சோம்பேறி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐ.டி. ஊழியர் அசதி என்றால் பரிசோதனை எழுதித் தருகிறார்கள். விடியற்காலை ஆறு மணிக்கு மஸ்டரில் கைநாட்டு வைத்து, ஊர்க் குப்பையை 22 வருடம் அள்ளியவர் அசதி என்றால் அவர் குணத்தைச் சந்தேகிக்கிறார்கள். உழைக்கிற சாதிகளை உழைக்காத சாதிகள் சோம்பேறி என்று அழைப்பது இந்த நாட்டின் பழைய வேடிக்கை. அது மருத்துவரின் அறைக்குள்ளும் வருகிறது. என் வாயிலும் வந்தது.

‘புகையிலை போட்டார், அனுபவிக்கிறார்’ என்பார்கள். ஆமாம், போட்டார். அழுகிய நாயை அள்ளிவிட்டு, அடைத்த சாக்கடையில் கைவிட்டுவிட்டு, அந்த நாற்றத்தோடு சாப்பிட உட்காருகிறவர் வாயில் புகையிலையை அடக்கிக்கொள்வதை வெறும் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகக்கவசமும் கையுறையும் தராத ஒப்பந்ததாரரை யாரும் குற்றம் சொல்வதில்லை.

சாக்கடைக்குள் இறந்தால் நாம் தெருவுக்கு வருகிறோம். 2013இல் சட்டம் வந்தது. 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்று இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. போராடிப் பெற்றவை இவை. ஆனால் வெளியே இருந்தபடியே தொண்டையில் நோய் வாங்கி, பிழைத்து, பிறகு வீட்டு மூலையில் ஒடுங்கிப்போகிறவர்கள் நம் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? செத்தவரைக் கணக்கெடுக்கும் இயக்கம், பிழைத்தவரையும் விசாரிக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. கழுத்தில் கதிர்வீச்சு பெற்ற ஒவ்வொருவருக்கும் டி.எஸ்.எச். பரிசோதனை, தொடர் சிகிச்சையில் இலவசமாக, கட்டாயமாக நடக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு தமிழில் இருக்க வேண்டும், படித்தும் காட்ட வேண்டும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021இலிருந்து வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறது மக்களைத் தேடி மருத்துவம். அந்தப் பையில் தைராய்டு மாத்திரைக்கும் இடம் வேண்டும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்தது தனியார்மயத்துக்கு எதிராக, பணி நிரந்தரத்துக்காக. நிரந்தரம் என்றால் சம்பளம் மட்டுமல்ல, நோய் வந்தால் படுத்துத் தேற உரிமை.

அரசு கேட்கிறவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், கழுத்தில் கரண்ட் வைத்துக்கொண்டவர் யாராவது இருந்தால், இந்த வாரமே போய்க் கேளுங்கள்: “தைராய்டு டெஸ்ட் எடுத்தீங்களா?” இல்லை என்றால் கூட்டிக்கொண்டு போங்கள். எதிர்வீட்டு அக்கா எங்களுக்குச் செய்தது அவ்வளவுதான்.

அப்பா இப்போது வேறொரு ஒப்பந்ததாரரிடம் வேலைக்குப் போகிறார். நாலரை மணிக்கு எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டு, டீக்காக ஐந்து மணி ஆகக் காத்திருக்கிறார். அந்த அரைமணி நேரம் நானும் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க இன்னும் வாய் வரவில்லை.