நுனிப் பழத்தைத் தின்று பாருங்கள்!

சென்ற மாதம் சுருளிப்பட்டியில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மலையடிவாரத்தில் அக்காவுக்கு ஒரு ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தல். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றதே, அதே கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைதான்.

கவாத்து செய்து சுமார் 4 மாதத்தில் பழம் வந்துவிடும். நிறம் ஏறியதுமே வியாபாரி வெட்டிக்கொண்டு போய்விடுவார். ஆனால் இவர்களிடம் பழம் வாங்கும் ஒருவர், சின்ன அளவில் ஒயின் தயாரிப்பவர், "இன்னும் பத்து நாள் கொடியிலேயே கிடக்கட்டும்" என்பாராம். ஏன் தெரியுமா? பழத்திலுள்ள சர்க்கரைதான் நொதித்து ஒயினாகிறது. மாங்காயைப் போல் திராட்சையை வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்க முடியாது. பறித்த பிறகு இனிப்பு ஏறவே ஏறாது!

போன வருஷம் அவர் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தார்கள். ஒரே ராத்திரி மழை. பழமெல்லாம் வெடித்துப் போச்சு. வெடித்த பழம் அவருக்கும் வேண்டாம், வியாபாரிக்கும் வேண்டாம். அத்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

இந்தத் தடவை அக்காவே முன்வந்து, "காத்திருக்கச் சொல்றீங்க, சரி. மழை வந்தா நஷ்டம் எங்களுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டாள். அவரும் யோசித்து, முன்பணம் தந்து, மழையில் கெட்டாலும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். அப்படியும் அக்கா பாதிப் பந்தலை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுத்தான் மீதியை விட்டு வைத்தாள். கெட்டிக்காரி!

அவள் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். திராட்சைக் குலையில் காம்புப் பக்கம் முதலில் பழுக்கும், நுனி கடைசியில். ஆகவே கடையில் நிறத்தைப் பார்த்து மயங்காமல், நுனிப் பழம் ஒன்றைத் துடைத்துத் தின்று பாருங்கள். அது இனித்தால் குலை முழுவதும் இனிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பழம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விதை நீக்கி, நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள்.

புளித்த பழம் வந்துவிட்டால் சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்து, வடிகட்டி ஜூஸ் செய்யலாம். கடைக்காரரைத் திட்டாதீர்கள், சகோதரிகளே. மழைக்குப் பயந்து முன்கூட்டியே வெட்டிய ஏதோ ஒரு அக்காவின் தோட்டத்துப் பழமாக அது இருக்கலாம், இல்லையா?