வெள்ளைப் புகைக்கு என்ன நெடி?

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி, டொராண்டோ. ஊரில் ஞாயிறு காலை ஆறரை. மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியப்பா வீடியோ காலில் வந்தார். முகத்தைக் காட்டவில்லை, நேராக ட்ராக்டரின் சைலன்சரைத்தான் காட்டினார். "பார்த்தியாடா தம்பி, எப்படித் தள்ளுதுன்னு!"

கொத்துக் கொத்தாக வெள்ளைப் புகை. சத்தமும் சரியில்லை. தடதடவென்று சீராக வர வேண்டியது, நடுநடுவே நொண்டியது. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பார்கள்.

1991-இல் வாங்கிய மூணு சிலிண்டர் வண்டி. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவைக்குச் சேறடிக்கணும். சொந்த வயல் போக, அக்கம்பக்கத்திலும் வாடகைக்கு ஓட்டுகிறார். ஊர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். இறக்கினால் வண்டி வாரக்கணக்கில் படுக்கும். செலவும் கேஸ்கெட்டோடு நிற்காது. திறந்தபிறகு வால்வு, ரிங், லைனர் என்று நீண்டுகொண்டே போகும். "இதுக்கு மேல செலவு பண்றதா, வித்துடறதான்னு யோசிக்கிறேன்" என்றார். அதைச் சொல்லும்போதும் கேமரா சைலன்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கும் ட்ராக்டருக்கும் உள்ள உறவு, சின்ன வயசில் லீவுக்குப் போனால் அதன் மட்கார்டில் உட்கார்ந்து போனது (என் மகளை அப்படி உட்கார விடமாட்டேன்), அப்புறம் கொஞ்சம் படிப்பு. ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிரித்துப் போடக்கூடாது என்பது சாஃப்ட்வேரில் நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட விஷயம்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நசுக்கும். அந்த அழுத்தத்திலேயே காற்று கொதிக்கும். அதில் டீசலைப் பனி மாதிரி பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். காற்றில் சூடு போதவில்லை என்றாலோ, டீசல் பனியாக வராமல் சொட்டாக ஒழுகினாலோ பற்றாது. எரியாத டீசல் ஆவியாகி வெளியே வரும். அது வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கெட் போய் ரேடியேட்டர் தண்ணி சிலிண்டருக்குள் இறங்கினாலும் புகை வெள்ளைதான். பார்க்க இரண்டும் ஒன்று மாதிரி இருக்கும். வித்தியாசம் நெடியில்.

போனில் நெடி வராதே! பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயசு மகள் எனக்கு முன்னாடியே கேட்டுவிட்டாள். "பெரிய தாத்தா, புகை என்ன ஸ்மெல் வருது?"

"கண்ணெல்லாம் எரியுது கண்ணு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைச்ச உடனே ஒரு நெடி வருமே, அது."

அவள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையே பார்த்ததில்லை. விளக்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. ஆனால் எனக்கு அதைவிடத் துல்லியமான பதில் யாரும் தந்திருக்க முடியாது. ஸ்டவ்வை அணைத்ததும் வருவது எரியாத எண்ணெயின் ஆவிதான்.

இங்கே நம் கார்களில் கூலன்ட் எரிந்தால் இனிப்பு வாசனை வரும். பெரியப்பா ரேடியேட்டரில் ஊற்றுவது போர் தண்ணி, அதனால் அந்த அடையாளம் உதவாது. வேறு மூன்றைப் பார்க்கச் சொன்னேன். தண்ணி குறையுதா? இல்லை. ஆயில் கம்பியை உருவினால் ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருக்கா? இல்லை, கறுப்புதான். மறுநாள் காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். குமிழி வரவில்லை. (சூடான இன்ஜினில் அந்த மூடியைத் தொடவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.) கேஸ்கெட் மேல் இருந்த சந்தேகம் பெரும்பாலும் போனது.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும், ஏர் எடுத்தால் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னேன். மெக்கானிக் ஒரு மணிநேரம் ஃபில்டரிலிருந்து பம்ப் வரை ஏர் எடுத்தார். ஒரு மாற்றமும் இல்லை. போனில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

அடுத்து செய்ததைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். எந்த சிலிண்டர் நொண்டுகிறது? ஸ்டார்ட் பண்ணி ஓரிரு நிமிஷத்தில் பெரியப்பா விரலை நனைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகை வெளியேறும் இரும்புக் குழாய் மேல் ஒரு சொட்டுத் தெளித்தார். இரண்டிலும் மூன்றிலும் தோசைக்கல்லில் விழுந்த மாதிரி 'சொய்'. ரேடியேட்டர் பக்கத்து முதல் சிலிண்டரில் சொட்டு சும்மா வழிந்தது. "அப்பா, அதுல தோசை வராது" என்றாள் மகள். அந்தப் பக்கம் மெக்கானிக் சிரித்தது கேட்டது.

உறுதிப்படுத்தும் வேலையை அவரே செய்தார். இன்ஜின் ஓடும்போதே, துணி சுற்றி, இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தினார். இரண்டாவதைத் தளர்த்தினால் இன்ஜின் திணறியது. மூன்றாவதும் அப்படியே. முதலாவதில் சத்தம் மாறவே இல்லை. அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதை வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இப்போது கேள்வி ஒன்றுதான். குற்றம் இன்ஜெக்டரிலா, சிலிண்டரிலா? முதல் இன்ஜெக்டரையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன், செம்பு வாஷர் மட்டும் புதுசு. நொண்டல் முதல் சிலிண்டரிலேயே இருந்தால் கம்ப்ரஷன் போச்சு, மெக்கானிக் சொன்னபடி ஹெட்டை இறக்கியே ஆகணும். இரண்டு வீட்டிலும் யாரும் பேசவில்லை. ஸ்டார்ட் பண்ணினார். தண்ணி தெளித்தார். முதலாவது 'சொய்' என்றது. மூன்றாவது வழிந்தது.

பழுது இன்ஜெக்டரோடு இடம் மாறியிருந்தது. "நாசில்தான்ணே" என்றார் மெக்கானிக், பெரியப்பாவைப் பார்த்து.

டவுனில் பம்ப் கடையில் கைலீவர் டெஸ்டரில் மாட்டி அடித்தபோது, பனியாக வர வேண்டியது ஒரே கோடாக ஒழுகிய வீடியோவை அனுப்பினார்கள். மூன்றுக்கும் புது நாசில் போட்டு, அழுத்தம் செட் பண்ணி, மறுநாளே மாட்டிவிட்டார்கள். ஹெட்டை இறக்கினால் ஆகியிருக்கும் செலவில் இது சின்னப் பங்குதான்.

புகை முழுசாக நிற்கவில்லை. காலையில் முதல் இரண்டு நிமிஷம் லேசாக வருது, சூடானதும் போயிடுது. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த ரிங், கம்ப்ரஷன் கொஞ்சம் குறையத்தான் செய்யும். "மார்கழிப் பனியில ஸ்டார்ட் ஆகுதான்னு பார்த்துட்டு ரிங்கைப் பத்தி யோசிப்போம்" என்றார் பெரியப்பா. விற்கிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.