பனிச்சங்கின் பெயர் பெற்ற ஆசான்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நமக்குத் துறைமுகக் கப்பல்களின் ஊதல் பழகிய ஒலி. பனிமூட்டத்தில் எச்சரிக்கையாக ஊதும் அத்தகைய சங்கின் பெயரையே ஒருவர் பட்டப்பெயராகப் பெற்றார். பேஸ்பால் நடுவராக நின்று அவர் எழுப்பிய முழக்கத்தைக் கேட்டோர், அவரை 'ஃபாக்' ஆலன் என்று அழைக்கலாயினர். ஆனால் அவர் புகழ் பெற்றதோ கூடைப்பந்தில்.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், இறையியல் பயின்று உடற்பயிற்சி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் அறைந்து இவ்விளையாட்டைத் தொடங்கினார். 1898இல் அவர் கான்சாஸ் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் அறிந்த ஆட்டக்கார மாணவருள் ஒருவரே ஆலன்.

வேறொரு கல்லூரி ஆலனைப் பயிற்சியாளராக அழைத்தபோது நெய்ஸ்மித் நகைத்தாராம். இதனை ஆட வேண்டுமேயன்றி, பயிற்றுவிக்க இதில் என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். (கான்சாஸில் பயிற்சியாளராக அவர் கண்டவை 55 வெற்றிகள், 60 தோல்விகள்!) மாணவர் அக்கருத்தை ஏற்கவில்லை, ஆசான்பால் கொண்ட மதிப்பையும் விடவில்லை. 1907இல் அவருடைய இடத்திற்கே வந்த ஆலன், இடையில் பத்தாண்டு நீங்கலாக 1956 வரை கான்சாஸ் அணியைப் பயிற்றுவித்து 590 வெற்றிகள் கண்டார். கூடைப்பந்து 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் இடம்பெற அரும்பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். அதனை நெய்ஸ்மித் நேரில் கண்டு களித்தார். 1952இல் தேசியப் பட்டம் வென்ற ஆலனின் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்த டீன் ஸ்மித், பிற்காலத்தில் தாமும் பெரும் பயிற்சியாளரானார்.

70 வயது நிறைந்ததால் 1956இல் விதிப்படி ஆலன் விலக நேர்ந்தது. ஏழடி உயரத்தையும் விஞ்சிய வில்ட் சேம்பர்லினை அவரே அழைத்து வந்திருந்தார். அம்மாணவர் முதன்மை அணியில் இறங்குமுன் ஆசான் வெளியேறினார். விதி விதிதான், எனினும் நமக்கே மனம் கனக்கிறது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டைக் கற்பிக்கவும் கற்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வாறு நம் ஊருக்கும் வந்தது. ஆயினும் தேர்வு நெருங்கினால் பள்ளிகளில் முதலில் பறிபோவது விளையாட்டு நேரமே. கணக்கு ஆசிரியர் அதனைக் கேட்டுப் பெறுவார். பெற்றோராகிய நாமும் மகிழ்வோம். ஊதலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நிற்கும் உடற்பயிற்சி ஆசிரியரிடம், நம் பிள்ளை எதில் தேறுகிறான் என்று ஒருநாளேனும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.