யந்திரம் சொல்லும் கணக்கும் நாம் வெட்டும் பாலும்

அடுத்த மாதம் தோட்டத்தில் எத்தனை கிலோ பால் இறங்கும்? முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குத் துரையும் கிராணியும் பழைய புத்தகங்களைப் புரட்டி ஒரு கணக்குச் சொல்வார்கள். இன்று அதைச் சொல்லச் செயற்கை நுண்ணறிவு முன்வந்திருக்கிறது. இதைக் கேட்டவுடன் சிலர் கைகூப்புகிறார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அதனால் எது முடியும், எது முடியாது என்று அறிந்துகொண்டு பேசுவதே சங்கத்தவருக்கு அழகு.

நாள்வாரியாகவோ மாதவாரியாகவோ எழுதிய எண்களின் தொடரைக் காலவரிசை என்கிறார்கள். நமது செக்ரோலும் பால் நிறுவைப் புத்தகமும் அத்தகையவையே. முன்பு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே ஒரு முறையைப் பொருத்திப் பார்த்தார்கள். இப்போது வந்திருப்பது வேறு வழி. எங்கெங்கோ சேர்த்த எண்ணற்ற காலவரிசைகளை முன்கூட்டியே கணினிக்குப் பயிற்றுவித்துவிடுகிறார்கள். 2024-ஆம் ஆண்டில் அமேசான் கம்பெனி ‘குரோனோஸ்’ என்பதை வெளியிட்டது. அதே ஆண்டில் கூகுள் கம்பெனி வெளியிட்ட ‘டைம்ஸ்எஃப்எம்’ சுமார் 10,000 கோடி எண்களைப் படித்துத் தேறியது. பல தோட்டங்களில் பேனா பிடித்த மூத்த கிராணி ஒருவர் புதுத் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்தால், பழைய புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டே வரப்போவதை ஓரளவு சொல்லிவிடுவார் அல்லவா? யந்திரம் செய்வதும் அதுதான்.

ஆனால் அந்தக் கிராணி எந்தத் தோட்டங்களில் வேலை பார்த்தார் என்று கேட்க வேண்டாமா? டைம்ஸ்எஃப்எம் படித்தவற்றில் பெரும்பங்கு, மக்கள் இணையத்தில் எதை எப்போது தேடினார்கள், விக்கிபீடியாவில் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பன போன்ற கணக்குகள். கணினியே உண்டாக்கிய செயற்கை எண்களும் அவற்றில் உண்டு. ரப்பர் மரத்தின் குணத்தை அது அறியாது. எண்கள் ஏறி இறங்கும் போக்கை மாத்திரமே அறியும்.

அந்த அறிவும் சாமானியமானதல்ல. நம் நாட்டில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும், பால் குறையும். சில ஆண்டுக் கணக்கைக் கொடுத்தால் யந்திரம் இந்த இறக்கத்தைக் கண்டுகொள்ளும். ஜனவரியிலேயே “மார்ச்சில் பால் குறையும்” என்று எழுத்தில் இருந்தால், மார்ச் வந்ததும் “நீங்கள் சரியாக வெட்டவில்லை” என்று தொழிலாளியை எவர் குற்றம் சாட்ட முடியும்? குடும்பங்களும் அந்த மாதச் செலவுக்கு முன்கூட்டியே வழி தேடிக்கொள்ளலாம். இந்த நன்மையை நாம் வேண்டாம் என்று தள்ளுவானேன்?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். புத்தகத்தில் ஒரு நாள் பூஜ்யம் என்றிருக்கும். அன்று விடியற்காலை மழையா, விடுமுறையா, ஆள் பற்றாக்குறையா? காரணம் குறிப்புப் பத்தியில் இருக்கும். எண்ணை மாத்திரம் ஊட்டினால் யந்திரம் அதை எப்படி அறியும்? மழை, விடுமுறை முதலிய துணைக் கணக்குகளை ஏற்கும் மாதிரிகளும் இப்போது உண்டு. ஆனால் அவற்றை யாராவது எழுதிக் கொடுத்தால்தானே! ஆள் இல்லாமல் வெட்டாது கிடந்த மரத்தை, பால் தராத மரம் என்று எண்ணிவிடும் அபாயமும் இருக்கிறது. அதற்கும் மேலே, இதுவரை நடக்காதது ஒன்று நடந்தால் பழைய எண்களில் அதற்குத் தடயம் ஏது? 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டையோ, 2017 முதல் நம் ரப்பர் மரங்களைத் தாக்கிய பெஸ்டலோசியோப்சிஸ் இலையுதிர் நோயையோ எந்தப் பழைய புத்தகம் முன்னறிவித்தது?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. குரோனோஸ் போன்றவை ஒரே எண்ணைச் சொல்வதில்லை. ஒரு வரம்பைச் சொல்கின்றன. உதாரணத்துக்கு, 9,000 கிலோ முதல் 13,000 வரை வரலாம், நடு எண் 11,000 என்று வைத்துக்கொள்வோம். நடு எண் என்றால் என்ன? வரவு அதற்கு மேலே போகவும் கீழே போகவும் சரிபாதி வாய்ப்பு என்பதே பொருள். இந்த 11,000-ஐ எடுத்துத் தொழிலாளிகளுக்குப் பங்கிட்டு, “இதுதான் உங்கள் அளவு, இதற்கு மேல் வெட்டினால்தான் ஊக்கத்தொகை” என்று ஒரு நிர்வாகம் சொன்னால் என்ன ஆகும்? எவர் மீதும் குற்றமில்லாமலே இரண்டு மாதத்தில் ஒரு மாதம் தொழிலாளி தவறியவன் ஆவான்! முன்கணிப்பு வேறு, கட்டளை வேறு. இந்த வேற்றுமையை மறைக்க எவரையும் நாம் அனுமதிக்கலாகாது.

ஆகவே இத்தகைய கணக்கு பேச்சுவார்த்தை மேசைக்கு வருமானால், சங்கம் கேட்க வேண்டியவை உண்டு. முழு வரம்பையும் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். கடந்த ஆண்டு அதே மாதத்தில் வந்த பாலையே இந்த ஆண்டுக்கும் சொல்லியிருந்தால் எவ்வளவு பிசகியிருக்கும், யந்திரம் எவ்வளவு பிசகியது என்று ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்றும் கேட்க வேண்டும். இது வீண் பிடிவாதமல்ல. 1982-ஆம் ஆண்டில் பேராசிரியர் ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் 1,001 காலவரிசைகளை வைத்து நடத்திய போட்டியில், சிக்கலான முறைகள் எளிய முறைகளைவிட மேலானவையாக எப்போதும் விளங்கவில்லை. புதிய யந்திரங்கள் பல இடங்களில் எளிய முறைகளை வெல்கின்றன. நம் தோட்டத்தில் வெல்கிறதா என்பதை நம் தோட்டத்துக் கணக்கே சொல்ல வேண்டும்.

தோழர்களே! டைம்ஸ்எஃப்எம்மும் குரோனோஸும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்து விடப்பட்டவை. குரோனோஸின் சிறிய மாதிரிகள் சாதாரணக் கணினியிலேயே ஓடும். நம் வீட்டுப் பிள்ளைகளில் கணினி படித்தவர்கள் இல்லையா? அவர்களைச் சங்கத்துக்கு அழையுங்கள். ஆனால் யந்திரத்துக்கு ஊட்டக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு கிளையும் இன்றே ஒரு புத்தகம் போடட்டும்: தேதி, வேலைக்கு வந்தோர், நிறுத்த பால், மழை, வெட்டாமல் விட்ட நிரை, அதன் காரணம். காரணத்தை எழுதாமல் விடவே கூடாது. அந்தக் கணக்கு நிர்வாகத்தின் கையில் மாத்திரம் இருந்தால், யந்திரமும் நிர்வாகத்தின் குரலிலேயே பேசும். நம் கையிலும் இருந்தால், அது நமக்கும் சாட்சி சொல்லும்.