டாங்கியின் வேகத்தை நீங்களே அளந்து பாருங்கள்

மாணவர்களே, இரண்டாம் உலகப் போரை வைத்து உருவான ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ்’ போன்ற வியூக விளையாட்டுகளை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். “ஜெர்மன் தரப்புக்கு ரொம்பச் சலுகை”, “அந்த டாங்கி ஆமை மாதிரி நகருது” என்று ஓய்வு நேரத்தில் நீங்கள் வாதாடுவது ஆசிரியர்களின் காதிலும் விழுகிறது. இந்த வாதத்தை அறிவியல் வகுப்புக்குள்ளேயே கொண்டு வரலாம் என்பது என் கருத்து.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். ஒரு டாங்கி எவ்வளவு துடிப்பாக நகரும் என்பதை அறிய, அதன் இயந்திரத் திறனை எடையால் வகுத்துப் பாருங்கள். ஜெர்மனியின் டைகர் டாங்கி சுமார் 57 டன் எடை, 700 குதிரைத்திறன் கொண்டது. அதாவது, டன்னுக்கு ஏறக்குறைய 12 குதிரைத்திறன். சோவியத்தின் டி-34 சுமார் 28 டன் எடை, 500 குதிரைத்திறன் கொண்டது. டன்னுக்கு ஏறக்குறைய 18. குறைந்த குதிரைத்திறன் கொண்ட டி-34 சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. டைகர் சுமார் 40 கிலோமீட்டர்தான்.

இனி விளையாட்டில் அளப்போம். டி-34இன் உடல் நீளம் சுமார் 6 மீட்டர். அதையே அளவுகோலாக வையுங்கள். திரையில் அது தன் நீளத்தைப் போல 5 மடங்கு தூரத்தை 10 விநாடியில் கடந்தால், 30 மீட்டரை 10ஆல் வகுக்க, விநாடிக்கு 3 மீட்டர். மணிக்கு 10.8 கிலோமீட்டர். உண்மை டாங்கி எங்கே, இது எங்கே! களம் சிறியது, உண்மை வேகத்தில் ஓடவிட்டால் நீங்கள் கட்டளை இடுவதற்குள் டாங்கி மறுகோடிக்குப் போய்விடும். அதனால் வடிவமைப்பாளர் வேகத்தைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கிறார். அதில் தவறில்லை.

தரப்புகளின் சமநிலையும் அப்படித்தான். இரு பக்கமும் வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் ஆட்டம் சுவைக்கும். ஆனால், போர்க்காலத்தில் டைகர்-1 வகையில் ஏறத்தாழ 1,350 டாங்கிகளே தயாராயின. டி-34களோ 50,000க்கும் மேல். எந்த விளையாட்டு இந்த விகிதத்தில் உங்களை ஆட வைக்கும்?

நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியற்காலையில், பேராக் மாநிலத்தின் சிலிம் ரிவர் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே புகுந்தன. அவற்றில் முக்கியமான 97ஆம் வகை சுமார் 15 டன் எடை, 170 குதிரைத்திறன் கொண்டது. வகுத்துப் பாருங்கள்; டைகரைவிடக் குறைவு! ஆயினும் எதிரே நின்ற 11ஆவது இந்தியப் பிரிவிடம் ஒரு டாங்கிகூட இல்லை. சில மணி நேரத்தில் அப்பிரிவு சிதறியது. நான்கே நாளில் கோலாலம்பூர் வீழ்ந்தது.

அந்த வீரர்களுக்கு ஆட்டத்தை மறுபடி தொடங்கும் பொத்தான் இல்லை. விளையாட்டை மட்டும் பார்த்து வரலாற்றை அறிந்துகொள்பவர், இரு தரப்பும் சமபலத்தோடு மோதின என்றே நினைத்துவிடுவார். தோற்றவர்கள் திறமையில்லாதவர்கள் என்றும் முடிவுகட்டிவிடுவார். அது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே, தாராளமாக விளையாடுங்கள். அடுத்த முறை “இந்த டாங்கி ரொம்ப மெதுவு” என்று நண்பர் சொன்னால், எதோடு ஒப்பிட்டு, எந்த அளவையில் என்று கேளுங்கள். பிறகு நிறுத்துக் கடிகாரத்தை எடுங்கள்.