திரும்பிப் போன நிறுவனர்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆண்டோவர் என்றொரு சிற்றூர். அங்கே 45 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள செங்கல் ஆலயம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கோபுரம் இல்லை. கட்டத்தான் நினைத்தார்கள், மரமும் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் ஊரில் காலரா புகுந்தது. கோபுரத்துக்கு வைத்திருந்த பலகைகளில் சவப்பெட்டிகள் செய்தார்கள். ஆலயத்தின் அடித்தள அறை, வந்திறங்கிய குடியேறிகளுக்குத் தங்குமிடமாகவும் நோயாளிகளுக்கு மருத்துவமனையாகவும் ஆனது. சுவர் எழுப்பிய கைகளே குழியும் வெட்டின.

இந்த ஆலயத்தைக் கட்டியெழுப்பியவர் லார்ஸ் பால் எஸ்பியோர்ன். சுவீடனின் ஹெல்சிங்லாந்து பகுதியைச் சேர்ந்த டெல்ஸ்போவில் 1808இல் பிறந்தவர். 1832இல் போதகராக அபிஷேகம் பெற்றவர். அவர் வளர்ந்த சுவீடனில் லுத்தரன் திருச்சபை அரசின் ஓர் அங்கம். வீடுகளில் கூடித் தனியாக ஜெபக்கூட்டம் நடத்துவதைத் தடுக்கும் 1726ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருந்தது. மறுமலர்ச்சிப் பக்தியிலும் மதுவிலக்கு இயக்கத்திலும் ஊறிய எஸ்பியோர்னுக்கு அந்தச் சபையில் பெரிய பதவிகள் கிடைக்க வாய்ப்பில்லை. என்றாலும் அவர் அதன் போதகராகவே இருந்தார். வெளியே போய்த் தனிச் சபை தொடங்க நினைத்தவர் அல்லர்.

1849இல் சுமார் 140 பேரோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். வழியிலேயே பிள்ளைச் சாவைப் பார்த்தார். சிகாகோவில் நோயில் விழுந்தார். அவர் எழுந்து ஆண்டோவர் போய்ச் சேர்வதற்குள், கூட வந்தவர்களில் பலரை யோனாஸ் ஹெட்ஸ்ட்ரோம் என்ற மெதடிஸ்ட் போதகர் தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தார். ஹெட்ஸ்ட்ரோமும் சுவீடன்காரர்தான், அமெரிக்காவையும் அங்கே வந்த மக்களின் தேவையையும் முன்னதாகவே அறிந்தவர். 1850 மார்ச்சில் எஸ்பியோர்ன் ஆண்டோவரில் சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் பத்தே பேர்.

என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைப்பது அடுத்த வருடம்தான். அன்றைய சுவீடனில் போதகருக்கு அரசு பராமரிப்பு உண்டு. ஆலயம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். அமெரிக்காவிலோ செங்கல்லிலிருந்து சம்பளம் வரை எல்லாவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். பிழைப்புக்கு அவர் அண்டியது அமெரிக்க உள்நாட்டு மிஷனரி சங்கத்தை. அது லுத்தரன் சங்கம் அல்ல. ஆண்டுக்கு 300 டாலர் தந்தது, கூடவே மனமாற்றம் அடைந்ததாகச் சாட்சி சொல்பவர்களை மட்டுமே சபையில் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. ஞானஸ்நானம் பெற்ற ஊரார் எல்லோரும் சபையார் என்று இருந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! 1851இல் அவர் கிழக்கு மாநிலங்களுக்கு நன்கொடை திரட்டப் புறப்பட்டார். அந்தச் சமயத்தில் சுவீடன் பாடகி யென்னி லிண்ட் அமெரிக்காவெங்கும் பாடிக்கொண்டிருந்தார். எஸ்பியோர்னின் வேண்டுகோளைக் கேட்டு அவர் 1,500 டாலர் கொடுத்தார். ஒரே கையிலிருந்து வந்த அந்தத் தொகைதான் ஆலயத்துக்கு உயிர் தந்தது. இன்றும் அதன் பெயர் யென்னி லிண்ட் ஆலயம். ஆண்டோவருக்குத் திரும்பி வேலையைத் தொடங்கிய மறுவருடமே எஸ்பியோர்னின் மனைவி அமாலியா இறந்தார். ஆலயப் பிரதிஷ்டை 1854 டிசம்பரில் நடந்தது.

கல்லும் மரமும் மட்டும் இருந்தால் சபை நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். போதகர்கள் வேண்டும், அவர்களைப் பயிற்றுவிக்க இடம் வேண்டும். 1858இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த லுத்தரன் பல்கலைக்கழகத்தில் ஸ்கண்டிநேவியப் பேராசிரியரானார். லுத்தரன்களின் அடிப்படையான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையைத் தளர்த்தி, அமெரிக்கச் சூழலுக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளலாம் என்ற போக்கு அப்போது அமெரிக்க லுத்தரன்களிடையே பலமாக இருந்தது. எஸ்பியோர்னுக்கு அது ஒத்துவரவில்லை. 1860 வசந்தத்தில் பதவியை விட்டு, தன் மாணவர்களோடு சிகாகோ போய்விட்டார். சம்பளம் தரும் நாற்காலியை ஒரு விசுவாச அறிக்கைக்காக உதறிய அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே ஆண்டு ஜூன் 5 அன்று விஸ்கான்சினில் உள்ள ஜெஃபர்சன் ப்ரேரியில் சுவீடன், நார்வே நாட்டுச் சபைகள் சேர்ந்து அகஸ்டானா சினட் என்ற லுத்தரன் சபைக் கூட்டமைப்பை நிறுவின. அதன் இறையியல் கல்லூரிக்கு முதல் தலைவர் எஸ்பியோர்ன்தான்.

1862இல் கல்லூரிக்கு நிதி திரட்டச் சுவீடன் போனவர், மறு வருடம் அங்கேயே தங்க முடிவெடுத்தார். உப்லாந்து பகுதியில் ஓஸ்டர்வோலா சபையின் போதகரானார். கல்லூரி அடுத்த தலைவரான ஹாசல்குவிஸ்டின் கைக்கு மாறிப் பாக்ஸ்டனுக்கும், 1875இல் ராக் ஐலண்டுக்கும் போனது. அதனால் நிறுவனர் என்றால் பலருக்கும் ஹாசல்குவிஸ்டின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எஸ்பியோர்ன் முன்னுரையில் வரும் ஆளாகச் சுருங்கிவிடுகிறார். இது நியாயம் இல்லை. குடியேற்ற வரலாற்றை நாம் ஒருவழிப் பயணமாகவே படித்துப் பழகிவிட்டோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை சுவீடனிலிருந்து அமெரிக்கா போன சுமார் 12 லட்சம் பேரில், ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் திரும்பி வந்தார்கள். அவர்கள் தோற்றுத் திரும்பியவர்கள் என்று எழுதுவது எளிது. எஸ்பியோர்னைப் பார்த்த பிறகு நான் அப்படி எழுத மாட்டேன். தங்கியவர்கள் வளர்த்தார்கள் என்பது உண்மை. வளர்ப்பதற்கு ஒன்றை வைத்துவிட்டுப் போனவரை ஏன் பாதி நிறுவனராக்க வேண்டும்?

அவர் ஓஸ்டர்வோலாவில் இருந்த கடைசி ஆண்டுகளில்தான் சுவீடனில் பயிர் பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1868, 1869 ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கானோர் ஊரை விட்டுக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் போய் இறங்கிய இல்லினாயிலும் பிற மாநிலங்களிலும், தாய்மொழியில் ஆராதனை நடக்கும் லுத்தரன் சபைகளும் அந்த மொழி பேசும் போதகர்களைத் தயாரிக்கும் கல்லூரியும் ஏற்கெனவே இருந்தன. 1849இல் ஆண்டோவர் வந்தவர்களுக்கு அங்கே அப்படி எதுவும் இருக்கவில்லை.

1870 ஜூலையில் எஸ்பியோர்ன் காலமானார். அவருடைய மகன் கான்ஸ்டன்டின், உப்சாலாவில் படித்துவிட்டு மறுபடி கடல் கடந்து, ராக் ஐலண்டில் தந்தை தொடங்கிய கல்லூரியிலேயே பேராசிரியரானார்.